31 சென்ட்டுக்கும் ஒரு கணக்கு

மேகி வாக்கர் அம்மாவைப் பற்றி எழுதுகிறேன். அமெரிக்காவில் ரிச்மண்ட் ஊரில் 1864-ல் பிறந்த கறுப்பினப் பெண். அவங்க அம்மா அடிமையாக இருந்து விடுதலை ஆனவர், ஊரார் துணி துவைத்துப் பிழைத்தார். துணிக்கூடையை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தது மேகிதான்.

1899-ல் செயின்ட் லூக் சங்கத்தின் பொறுப்புக்கு வந்தார். சந்தா கட்டினால் நோய்க்கும் சாவுக்கும் உதவுகிற சங்கம். அப்போ கையிருப்பு 31 டாலர், கடனோ 400 டாலர்! நாமளா இருந்தா அந்த நோட்டில் கையெழுத்துப் போடவே பயப்படுவோம். அவங்க 1903-ல் வங்கியே திறந்துட்டாங்க. முதல் நாள் ஒருத்தர் வெறும் 31 சென்ட் கொண்டுவந்தார், ஒரு டாலரில் மூணில் ஒரு பங்குகூட இல்லை. அதுக்கும் கணக்கு எழுதினார்கள். பிள்ளைகளுக்கு அட்டை உண்டியல் கொடுத்தார்கள். துணி துவைக்கிற பெண்கள் போட்ட காசு, அவங்க ஜனங்களே வீடு வாங்கக் கடனாகப் போனது.

பெண்களுக்கு வேலை கொடுக்க 1905-ல் பெரிய கடையும் வைத்தார். அது நிக்கலை, 1911-ல் மூடினார்கள். வங்கியை விடவில்லை. 1930 வாக்கில் நாடே நொடித்து வங்கிகள் மூடினபோது, வேறு இரண்டு வங்கிகளோடு இணைத்துக் காப்பாற்றினார். அப்போ அவங்க சக்கர நாற்காலியில். 1934-ல் இறந்தார். வங்கி அதுக்கப்புறமும் 70 வருஷத்துக்கு மேல் நடந்தது.