பிறமொழியாளர் தந்த ஆங்கில இலக்கணம்

தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்த எனக்கு 'நவுன் கிளாஸ்' என்றாலே கலக்கம். பெயர்ச்சொல் நிற்கவேண்டிய இடத்தில் ஒரு துணைவாக்கியமே வந்து நிற்பது அது. 'அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது' என்பதை, 'ஐ டு நாட் நோ வேர் இஸ் ஹி' என்று தேர்வில் எழுதி மதிப்பெண் இழந்தேன். அந்த வருத்தத்தோடு நூலகத்தில் தேடியபோதுதான் ஓட்டோ யெஸ்பர்சனின் நூல் கைக்குக் கிடைத்தது. அவர் ஆங்கிலேயர் அல்லர் என்று அறிந்ததும் வியந்தேன்.

யெஸ்பர்சன் 1860-இல் டென்மார்க்கின் ராண்டர்ஸ் நகரில் பிறந்தவர், தாய்மொழி டேனிஷ். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். குடும்ப வழக்கப்படி 1877-இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயிலச் சேர்ந்தார். மனமோ மொழிகளையே நாடியது. சட்டத்தைக் கைவிட்டு, நாடாளுமன்றத்தில் சுருக்கெழுத்தராகப் பணியாற்றிக்கொண்டே மொழிகளைக் கற்றார். 1893 முதல் 1925 வரை அங்கேயே ஆங்கிலப் பேராசிரியராக விளங்கினார்.

இலத்தீன் விதிகளை ஆங்கிலத்தின்மீது திணிப்பதை அவர் ஏற்கவில்லை. ஆங்கில நூல்களைப் படித்து, எடுத்துக்காட்டுகளைச் சீட்டுகளில் குறித்துச் சேர்த்து, வழக்கிலிருந்தே விதி கண்டார். அவ்வுழைப்பின் பயனான பேரிலக்கணம் 1909 முதல் 1949 வரை ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. கடைசித் தொகுதியைக் காண அவர் இல்லை, 1943-இல் மறைந்தார்.

'ஐ நோ தட் ஹி கேம்' போன்ற வாக்கியத்தில் வரும் துணைவாக்கியத்துக்கு அவர் இட்ட பெயர் 'கன்டென்ட் கிளாஸ்'. அறிந்த செய்தியின் உள்ளடக்கம் அதில் இருப்பதே காரணம். 'எனக்கு அது தெரியும்: அவன் வந்தான்' என இரண்டாக நின்றவையே பின்னர் ஒன்றாயின என்றும், 'தட்' இல்லாத வாக்கியத்தில் எதுவும் விடுபடவில்லை, அதுவும் பழைய வழக்கே என்றும் விளக்கினார்.

இதைப் படித்தபின் என் பிழையும் விளங்கிற்று. தமிழில் கேள்வியை அப்படியே வைத்து 'என்று' சேர்த்தால் போதும், சொல்வரிசை மாறாது. ஆங்கிலத்திலோ, நேராகக் கேட்கும்போது 'வேர் இஸ் ஹி'; பெயரின் இடத்தில் அமர்ந்துவிட்டால் அது கேள்வியாக நிற்பதில்லை; ஆகவே 'வேர் ஹி இஸ்'. நேர்க்கேள்வியின் வரிசையை நான் அப்படியே உள்ளே கொண்டுபோய் வைத்திருந்தேன்.

நண்பர்களே, ஆங்கிலம் நம் தாய்மொழி அன்று என்று நாம் தயங்குகிறோம். யெஸ்பர்சனுக்கும் அது தாய்மொழி அன்று. பிறமொழியாளராக இருந்து கற்றதால்தான், அதில் பிறந்தவர்கள் எண்ணிப் பாராமல் பேசுவதை அவர் நின்று உற்றுநோக்கினார் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வாய்ப்பு நமக்கும் உண்டு.