ஊரே ஜாமீன்

கூட்டுறவு வங்கிகளின் முன்னோடிகளில் ஒருவர் ரைஃபைசன் (1818–1888). ஜெர்மனியில் வெயர்புஷ் ஊரின் மேயர். 1846–47 பஞ்சத்தில் வசதியானவர்களிடம் பணம் திரட்டி, ஊருக்குப் பொது அடுப்பு கட்டி, ரொட்டியைக் கடனாகக் கொடுத்தார். பிறகு தொடங்கிய உதவிச் சங்கங்களும் தர்மப் பணத்தையே நம்பியிருந்தன; அது நீடிக்கவில்லை.

1864-இல் ஹெடஸ்டார்ஃபில் முறையை மாற்றினார். கடன் வாங்குபவரே உறுப்பினர். ஒருவர் கட்டத் தவறினால் மற்றவர்கள் தங்கள் சொத்தோடு பொறுப்பு. வங்கியில் ஜாமீன் பத்திரங்களைப் பார்த்தவன் சொல்கிறேன், இதற்குக் கையெழுத்துப் போட தைரியம் வேண்டும்! அதனால்தான் சங்கத்தை ஊர் எல்லைக்குள் வைத்தார். யார் கடனில் மாடு வாங்கினார், யார் குடித்தார் என்பது அங்கே மறையாது. நிர்வாகிகளுக்குச் சம்பளமில்லை.

கண் பார்வை மங்கியபின் மகள் அமாலி உதவியுடன் எழுதிய நூல் 1866-இல் வந்தது. சென்னை மாகாணத்துக்காக ஆய்வு செய்த நிக்கல்சன் இந்த முறையையே பரிந்துரைத்தார். 1904-இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அதே ஆண்டு திருவள்ளூர் அருகே திரூரில் சங்கமும் தொடங்கியது.