ஒட்டுப்போட்ட நாடா

கைப்பேசியில் புதுப்பிப்பு அறிவிப்பு வரும்போதெல்லாம் அதைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவதே என் வழக்கமாக இருந்தது. நன்றாக இயங்குவதை ஏன் மாற்ற வேண்டும் என்ற அந்த எண்ணத்தைக் கைவிடச் செய்தது, கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பரின் வாழ்க்கை.

1906-இல் நியூயார்க்கில் பிறந்த அவர், ஏழு வயதிலேயே வீட்டுக் கடிகாரங்களைக் கழற்றிப் பார்த்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் 1934-இல் கணித முனைவர் பட்டம் பெற்று, வாசர் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றினார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையின் சேமப்படையில் சேர்ந்த அவருக்கு, 1944-இல் ஹார்வர்டின் மார்க் 1 கணிப்பொறியில் பணி கிடைத்தது.

துளையிட்ட காகித நாடாவிலிருந்தே அந்த இயந்திரம் ஆணைகளைப் படித்தது. பிழை தெரிந்தால், கிழிந்த துணிக்கு ஒட்டுப்போடுவதுபோலத் தவறான துளையின்மேல் காகிதத் துண்டை ஒட்டினார்கள். இயந்திரம் மாறவில்லை, ஆணை மட்டும் திருந்தியது. இன்றைய புதுப்பிப்பும் அத்தகையதே. இயங்குதளத்தையும் செயலிகளையும் திருத்துவது மென்பொருள் புதுப்பிப்பு. ரவுட்டர், தொலைக்காட்சி போன்ற கருவிகளுக்குள்ளேயே பதிந்து வன்பொருளை இயக்கும் ஆணைகளைத் திருத்துவது ஃபர்ம்வேர் புதுப்பிப்பு. பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பது இரண்டின் தலையாய பணி. திருத்தம் வெளியானதும் ஓட்டை இருக்குமிடம் திருடருக்கும் தெரிந்துவிடுகிறது. தள்ளிப்போடுவோர் வீட்டுக் கதவே திறந்து கிடக்கிறது.

1952-இல் தொடக்ககாலக் கம்பைலர் ஒன்றை உருவாக்கிய ஹாப்பர், 1959-இல் கோபோல் மொழி பிறக்கவும் அடித்தளமிட்டார். 1966-இல் ஓய்வுபெற்றவரை, கணினி மொழிகளைச் சீர்ப்படுத்த மறு ஆண்டே கடற்படை திரும்ப அழைத்தது. 79-ஆம் வயதில், 1986-இல், ரியர் அட்மிரலாக விடைபெற்றார். வழக்கம் என்பது மட்டுமே ஒன்றைத் தொடரக் காரணமாகாது என்பதை உணர்த்த, இடப்புறமாகச் சுழன்றும் சரியான நேரம் காட்டும் கடிகாரத்தைத் தம் அலுவலகத்தில் மாட்டியிருந்தார். 1992 ஜனவரி 1 அன்று மறைந்தார்.

அவரைப் பற்றிப் படித்த பிறகு என் வீட்டு ரவுட்டரைப் புதுப்பிக்க முயன்றேன். அந்த வகைக்குப் புதுப்பிப்பு வழங்குவதை உற்பத்தியாளர் நிறுத்திவிட்டது அப்போதுதான் தெரிந்தது. ஹாப்பர் காலத்தில் ஒட்டுத்தாள் இயந்திரத்தை இயக்குவோர் கையில் இருந்தது. இன்று அது விற்பவர் கையில் இருக்கிறது. ஆகவே, புதுப்பிப்பைத் தள்ளிப்போடாமல் இருப்பது நம் கடமை என்றால், அது எந்த ஆண்டுவரை கிடைக்கும் என்பதைப் பெட்டியின்மேல் அச்சிடுவது அவர்கள் கடமை.