உயிர் காத்த துணிப் பொம்மை



நீங்கள் பிறந்தபோது உங்களை முதன்முதலில் கையில் ஏந்தியவர் யார் தெரியுமா? அம்மா என்றுதானே சொல்லப் போகிறீர்கள்? இல்லை! அம்மாவுக்கும் முன்னால் உங்களைத் தொட்டது ஒரு டாக்டரின் கை, அல்லது ஒரு நர்சின் கை. உங்கள் கொள்ளுப்பாட்டி காலத்தில் என்றால், பெரும்பாலும் ஊர் மருத்துவச்சியின் கை. அந்தக் கைகளுக்கு வேலை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் தாய், குழந்தை இருவர் உயிருக்கும் ஆபத்து.

அப்படிப்பட்ட கைகளுக்குப் பயிற்சி கொடுக்க, 250 ஆண்டுகளுக்கும் முன்பே ஒரு பெண்மணி துணியால் பொம்மை தைத்தார். அவருடைய கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

அவர் பெயர் ஆஞ்சலிக் டு கூத்ரே. பிரான்ஸ் நாட்டுக்காரர். எல்லாரும் அவரை மேடம் டு கூத்ரே என்று அழைத்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தவர். பாரிஸ் நகரில், அனுபவமுள்ள மருத்துவச்சி ஒருவரிடம் மூன்று ஆண்டுகள் தொழில் கற்றார். 1740ம் ஆண்டு தேர்வு எழுதித் தேறி, தாமும் மருத்துவச்சி ஆனார். தலைநகரில் நல்ல பெயர். கை நிறைய வேலை. அவர் அங்கேயே நிம்மதியாக இருந்திருக்கலாம்.

ஆனால், 1751ம் ஆண்டு, ஒவேர்ன் என்ற மலைப் பகுதிக்கு வரும்படி அழைப்பு வந்தது. போனார். அங்கே கண்ட காட்சிகள் அவர் மனதை உலுக்கின. கிராமங்களில் பிரசவம் பார்த்த பெண்கள் நல்லவர்கள்தான். ஆனால், அவர்களுக்கு முறையான பயிற்சி கிடையாது. குழந்தை தலை திரும்பி, கால் முதலில் வரும்படி இருந்தால் என்ன செய்வது என்று தெரியாது. அவசரப்பட்டு இழுத்துவிடுவார்கள். குழந்தை இறந்துவிடும், அல்லது வாழ்நாள் முழுவதும் ஊனத்தோடு இருக்கும். பல நேரங்களில் தாயும் பிழைப்பதில்லை.

இந்தப் பெண்களுக்கு இலவசமாகப் பாடம் சொல்லித் தர முடிவு செய்தார் மேடம். அங்கேதான் சிக்கல் வந்தது. பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாயால் எவ்வளவு விளக்கினாலும், தாயின் வயிற்றுக்குள் நடப்பது அவர்கள் மனக்கண்ணில் வரவில்லை.

நீங்களே யோசித்துப் பாருங்கள். சைக்கிள் ஓட்டுவது எப்படி என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால் ஓட்ட வந்துவிடுமா? ஏறி உட்கார்ந்து, இரண்டு முறை விழுந்தால்தானே வரும்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? ஆனால், பிரசவம் பார்ப்பதில் விழுந்து எழுந்து கற்க முடியாது. ஒருமுறை தவறினால் ஓர் உயிர் போய்விடும்.

அப்படியானால், தவறு செய்தாலும் யாருக்கும் வலிக்காத ஒரு தாய் வேண்டும்! மேடம் அப்படி ஒரு தாயைத் தாமே செய்தார். துணி, தோல், பஞ்சு ஆகியவற்றைக் கொண்டு, ஒரு பெண்ணின் இடுப்புப் பகுதியை உண்மையான அளவில் உருவாக்கினார். அதற்குள் பிறந்த குழந்தை அளவில் ஒரு துணிப் பொம்மை. அதற்கு மூக்கு, காது எல்லாம் உண்டு. வாய்க்குள் விரலை விட்டுப் பார்க்கலாம், நாக்குகூட இருந்தது! தொப்புள்கொடியும் தைத்து வைத்தார். கயிறுகளையும் வார்களையும் இழுத்தால் குழந்தை வரும் வழி இறுகும், தளரும். ரத்தம் வருவதைக் காட்ட, சிவப்பு நீரில் நனைத்த பஞ்சையும் பயன்படுத்தினார். இதற்கு எந்திரம் என்றே பெயர் வைத்தார்.

பாரிஸில் இருந்த அறுவை மருத்துவர்களின் கழகம் இந்த எந்திரத்தைப் பார்த்து ஒப்புதல் அளித்தது. மேடம் 1759ம் ஆண்டு ஒரு பாடநூலும் வெளியிட்டார். பத்து ஆண்டுகள் கழித்து, 1769ல், அதே நூல் 26 வண்ணப் படங்களுடன் வந்தது. படிக்கத் தெரியாதவர்களும் படம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் அல்லவா!

அந்தக் காலத்தில், நாட்டின் மக்கள் தொகை குறைகிறதே என்ற கவலை பிரான்ஸ் அரசுக்கு இருந்தது. எனவே, நாடு முழுவதும் சென்று கற்பிக்கும் பொறுப்பை 1759ல் மன்னர் பதினைந்தாம் லூயி மேடத்திடம் ஒப்படைத்தார். பின்னர் ஆண்டுச் சம்பளமும் ஏற்பாடு செய்தார்.

அப்போது மேடத்துக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ரயில், பஸ் கிடையாது. மேடு பள்ளமான சாலைகளில் குதிரை வண்டிப் பயணம். ஆனாலும் அவர் சளைக்கவில்லை. 1760 முதல் 1783 வரை ஊர் ஊராகச் சுற்றினார். ஓர் ஊரில் சுமார் இரண்டு மாதம் வகுப்பு நடக்கும். ஒவ்வொரு மாணவியும் எந்திரத்தில் திரும்பத் திரும்பப் பழக வேண்டும். பொம்மைக் குழந்தையை ஒரு நாள் தலை கீழாக வைப்பார். இன்னொரு நாள் குறுக்காக. மற்றொரு நாள் இரட்டைக் குழந்தைகள்! தவறு செய்தவர் மறுபடி செய்வார். கை பழகும்; பயம் போகும்.

சில மருத்துவர்கள் அவரை எதிர்த்தனர். ஒரு பெண் பாடம் நடத்துவதா என்ற எண்ணம் அவர்களுக்கு. மேடம் சண்டை போட்டு நேரத்தை வீணாக்கவில்லை. உள்ளூர் மருத்துவர்களுக்கும் அவரே பயிற்சி தந்தார். தாம் அடுத்த ஊருக்குப் போன பிறகும் வகுப்பு தொடர வேண்டும் என்று, எந்திரங்களை அந்தந்த ஊரிலேயே இருக்கச் செய்தார்.

அவரிடம் நேரடியாகப் பயின்ற பெண்கள் சுமார் 4,000 பேர். அவர் பயிற்றுவித்தவர்களிடம் கற்றவர்கள் இன்னும் பல ஆயிரம் பேர். மேடம் 1794ம் ஆண்டு பொர்தோ நகரில் காலமானார். அவரிடம் தொழில் கற்ற உறவுப் பெண் அந்தப் பணியைத் தொடர்ந்தார்.

அவருடைய எந்திரம் ஒன்று ரூவான் நகர அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. அதை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, துணிக்குள் உண்மையான இடுப்பெலும்பு இருப்பது தெரிந்தது. மாணவிகளின் கை உண்மையை உணர வேண்டும் என்பதில் அவருக்கு அவ்வளவு அக்கறை!

இன்று டாக்டருக்கும் நர்சுக்கும் படிப்பவர்கள் பயிற்சி பொம்மைகளில் பழகுகிறார்கள். மூச்சு விடும் பொம்மை, நாடித்துடிப்பு உள்ள பொம்மையெல்லாம் வந்துவிட்டன.

குழந்தைகளே! கணக்கோ, ஓவியமோ, பயிற்சியின்போது தவறு வந்தால் வெட்கப்படாதீர்கள். அழித்துவிட்டு மறுபடி போடுங்கள். தவறு செய்வதற்காகவே இருக்கும் இடம் அது. மேடம் டு கூத்ரேயின் மாணவிகள் பொம்மையிடம் ஆயிரம் முறை தவறினார்கள். அதனால்தான் தாய்மார்களிடம் தவறாமல் இருந்தார்கள்.

இன்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். உங்களை முதலில் கையில் ஏந்தியவர் யார் என்று!