ஆடிப் பாடி அகம் திறந்த அண்ணல்

(பத்தாம் வகுப்பு மாணவி, ராஜகுளம்)



துன்பத்தில் உழலும் ஒருவரை அருகில் அமர்த்தி, அவர் கூறுவதைப் பொறுமையுடன் கேட்டு, நல்வழி காட்டுவதை ஆற்றுப்படுத்துதல் என்கிறோம். பெரியவர்கள் தம் குறைகளை ஒருவாறு வாய்விட்டுச் சொல்லிவிடுவர். ஆனால் ஒரு சிறுவனையோ சிறுமியையோ எதிரே நிறுத்தி, உன் மனத்தில் என்ன துயரம் என்று கேட்டால் என்ன விடை கிடைக்கும்? தலை கவிழும், கால் கட்டைவிரல் தரையைக் கீறும், வாய் மட்டும் திறவாது. அப்படித் திறவாத வாய்களை விளையாட்டாலும் நாடகத்தாலும் இசையாலும் திறந்து வைத்த அண்ணல் ஒருவர் 19-ஆம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டில் வாழ்ந்தார். அவர்தாம் தொன் போஸ்கோ என அன்புடன் அழைக்கப்படும் புனித ஜான் போஸ்கோ.

வட இத்தாலியில் பெக்கி என்னும் சிற்றூரில் 1815-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் ஓர் ஏழை உழவர் குடும்பத்தில் இவர் பிறந்தார். இரண்டு வயது நிறைவதற்குள் தந்தை பிரான்சிஸ் காய்ச்சலில் காலமானார். எழுதப் படிக்கத் தெரியாத தாய் மார்கரீத்தா அம்மையார் வயலில் உழைத்து, மூன்று ஆண் மக்களையும் இறையச்சத்தில் வளர்த்தார்.

ஒன்பதாம் வயதில் ஜான் ஒரு கனவு கண்டார். ஒரு திடலில் சிறுவர் பலர் விளையாடுகின்றனர். சிலர் தீய சொற்களைப் பேசுகின்றனர். அதைப் பொறாத ஜான் அவர்கள்மீது பாய்ந்து குத்துவிடுகிறார். அப்போது ஒளி பொருந்திய பெரியவர் ஒருவர் தோன்றி, அடித்து அல்ல, அன்பாலும் சாந்தத்தாலுமே இவர்களை வெல்ல வேண்டும் என உணர்த்துகிறார். தேவமாதாவும் தோன்றுகிறார். கொடிய விலங்குகள் ஆட்டுக்குட்டிகளாக மாறுகின்றன. அந்தக் கனவின் பொருள் அன்று அவருக்கு விளங்கவில்லை. ஆனால் அவர் வாழ்நாள் முழுவதும் அது கூடவே வந்தது.

நம் ஊர்த் திருவிழாக்களில் கழைக்கூத்தாடிகள் கயிற்றின்மேல் நடப்பதையும், செப்பிடு வித்தைக்காரர் வேடிக்கை காட்டுவதையும் நம் பெற்றோர் கண்டிருப்பர். அத்தகைய வித்தைக்காரர்கள் அந்நாட்டுச் சந்தைகளுக்கும் வருவதுண்டு. சிறுவன் ஜான் அவர்களைக் கூர்ந்து நோக்கி, வீட்டுக்கு வந்து விழுந்தும் எழுந்தும் பழகிக் கொண்டான். பிறகு ஞாயிறு மாலைகளில் ஒரு பேரி மரத்துக்கும் மற்றொரு மரத்துக்கும் இடையே கயிற்றைக் கட்டி அதன்மேல் நடந்தான், கைகளால் நடந்தான், குட்டிக்கரணம் போட்டான். சிறுவர் மட்டுமன்றிப் பெரியவர்களும் திரண்டனர். காசு ஒன்றும் கேட்கவில்லை. வேடிக்கைக்கு இடையே எல்லாரும் செபமாலை சொல்ல வேண்டும். காலையில் கோயிலில் கேட்ட பிரசங்கத்தை அவன் திருப்பிச் சொல்வதைக் கேட்க வேண்டும். அதுவே நுழைவுக் கட்டணம்!

ஆயினும் வீட்டில் நிம்மதி இல்லை. மூத்தாள் மகனான அண்ணன் அந்தோணி, படிப்பு உழவனுக்கு எதற்கு என்று சினந்தான். 1828-இல் தாயே கண்ணீருடன் இளைய மகனை வெளியே வேலைக்கு அனுப்ப நேர்ந்தது. ஒரு பண்ணையில் மாட்டுக்காரனாக இரண்டு ஆண்டு அளவில் உழைத்தார் ஜான். தந்தையற்ற பிள்ளையின் ஏக்கத்தை அவர் நூலில் படித்து அறியவில்லை. தாமே அனுபவித்து அறிந்தார்.

பின்னர்க் கியேரி நகரில் பள்ளியில் சேர்ந்தார். தையல், தச்சு, செருப்பு தைத்தல் எனக் கிடைத்த வேலைகளைச் செய்துகொண்டே பயின்றார். 1832-இல் தம் தோழர்களைக் கொண்டு மகிழ்ச்சிச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். கடமையைச் செய்வதும் முகமலர்ச்சியுடன் இருப்பதுமே அதன் சட்டம். அந்த ஊருக்கு வந்த வித்தைக்காரன் ஒருவன் பூசை நேரத்தில் சிறுவர்களைக் கோயிலிலிருந்து இழுத்துக் கொண்டிருந்தான். ஜான் அவனை ஓட்டத்திலும், தாண்டுவதிலும், கோலைக் கையில் நிறுத்துவதிலும், மரம் ஏறுவதிலும் போட்டியிட்டு வென்றார். பந்தயப் பணம் முழுவதையும் இழந்து அவன் கலங்கி நின்றபோது, பணத்தைத் திருப்பிக் கொடுத்து, சங்கத்துச் சிறுவர்களுக்கு ஒரு விருந்து மட்டும் அளிக்கச் சொன்னார். தோற்றவனையும் தலைகுனிய விடாத வெற்றி அது!

1841-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் தூரின் நகரில் குருப்பட்டம் பெற்றார். அவருக்கு வழிகாட்டியாக இருந்த கஃபாசோ அடிகளார் அவரைச் சிறைச்சாலைகளுக்கு அழைத்துச் சென்றார். அங்கே கண்ட காட்சி அவர் நெஞ்சைப் பிளந்தது. நல்ல உடலும் கூரிய அறிவும் உடைய சிறுவர்கள் பூச்சிக்கடியில், பசியில் கிடந்தனர். விடுதலையானவர் சிலர் மீண்டும் அங்கேயே வந்து சேர்ந்தனர். வெளியே அவர்களுக்கென்று ஒரு நண்பர் இருந்திருந்தால் இவர்கள் கெட்டிருக்க மாட்டார்களே என எண்ணினார்.

அவ்வாண்டு டிசம்பர் 8, அமல உற்பவ மாதா திருநாள். கோயிலில் ஒதுங்கி நின்ற பர்த்தலோமேயு கரெல்லி என்ற 16 வயதுக் கொத்து வேலைச் சிறுவனை, பூசைக்கு உதவத் தெரியவில்லை என்பதற்காகக் கோயிற்பிள்ளை அடித்து விரட்டினார். தொன் போஸ்கோ அவனைத் திரும்ப அழைத்தார். தாய் தந்தை இல்லை, படிக்கத் தெரியாது, பாடத் தெரியாது. எதைக் கேட்டாலும் இல்லை, தெரியாது என்பதே விடை. இறுதியில், சீட்டியடிக்கத் தெரியுமா என்று கேட்டார். சிறுவன் சிரித்துவிட்டான்! எல்லாம் தெரியாது என்று வெட்கி நின்றவனுக்குத் தெரிந்த ஒன்றைத் தேடிப் பிடித்தது அந்தக் கேள்வி. பிறகு இருவரும் முழந்தாளிட்டு அருள் நிறை மரியே செபத்தைச் சொன்னார்கள். அடுத்த ஞாயிறு அவன் தன் தோழர்களையும் அழைத்து வந்தான். ஒரு பெரும் பணி அங்கே பிறந்தது.

சிறுவர் கூட்டம் பெருகப் பெருக, இரைச்சல் தாங்காமல் எல்லாரும் இடம் தர மறுத்தனர். வீடின்றி, மைதானமின்றி அலைந்தார். அவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று எண்ணிய இரண்டு குருக்கள் அவரை மனநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வண்டியுடன் வந்தனராம். அவரோ மரியாதையாக அவர்களை முதலில் ஏறச் சொல்லிக் கதவைச் சாத்தி, வண்டியை விரைந்து ஓட்டச் சொல்லிவிட்டார்! 1846-ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாளில் வல்தொக்கோ என்னும் இடத்தில் ஒரு தாழ்ந்த கொட்டகையும் சிறு நிலமும் கிடைத்தன. அதே ஆண்டு நவம்பரில் முதிய தாய் மார்கரீத்தாவும் வந்து அந்த அநாதைகளுக்குத் தாயானார்.

அங்கே விளையாட்டுத் திடல் வெறும் பொழுதுபோக்கு இடமாக இருக்கவில்லை; ஆற்றுப்படுத்தும் அறையாகவே விளங்கியது. தொன் போஸ்கோ அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு சிறுவரோடு ஓடுவார். ஓடும்போதே ஒவ்வொரு முகத்தையும் படிப்பார். 1857-இல் கார்மக்னோலா இரயில் நிலையத்தில் சிறுவர் படைக்குத் தலைவனாக ஆரவாரம் செய்துகொண்டிருந்த மிக்கேல் மகோனே என்ற தந்தையற்ற சிறுவனைக் கண்டு தம் இல்லத்தில் சேர்த்தார். முதலில் மகோனே திடலெல்லாம் பறந்தான். சில வாரங்களில் ஆட்டம் நின்றது. ஓரமாக ஒதுங்கிக் கண்ணீர் விட்டான். பாடத்தில் குறை கண்டு அவன் துயரை யாரும் அறியவில்லை. விளையாடாமல் நின்றதைக் கண்டே தொன் போஸ்கோ அறிந்தார். தனியே அழைத்து மெல்லப் பேசினார். பழைய வாழ்வு அவன் மனச்சாட்சியை உறுத்தியதே காரணம். நல்ல பாவசங்கீர்த்தனம் செய்த பின் சிரிப்பும் விளையாட்டும் திரும்பின. 1859 ஜனவரியில் 13-ஆம் வயதிலேயே அவன் இறைவனடி சேர்ந்தான். அவன் வாழ்க்கையைத் தொன் போஸ்கோவே நூலாக எழுதினார்.

நாடகத்தையும் அவர் அவ்வாறே பயன்படுத்தினார். பீட்மாண்ட் நாட்டில் 1850 முதல் மெட்ரிக் அளவை முறை வரவிருந்தது. புதிய அளவைகளை அறியாத ஏழைகள் கடைகளில் ஏமாறுவரே எனக் கவலைப்பட்டு, 1849-இல் அதையே சிரிப்பூட்டும் உரையாடல்களாக்கிச் சிறுவரை நடிக்க வைத்தார். பெரியவர்களும் பார்த்துச் சிரித்துக்கொண்டே கணக்குக் கற்றனர்! நாடகம் மகிழ்விக்க வேண்டும், அறிவூட்ட வேண்டும், கீழ்மையானது எதுவும் கலக்கக் கூடாது என விதிகளும் வகுத்தார். தாயை இழந்து வேலையும் இழந்து தெருவில் அழுது நின்ற கார்லோ கஸ்தீனி என்ற நாவிதச் சிறுவன், அந்த மேடையில் எல்லாரையும் சிரிக்க வைக்கும் பாடகனாக மலர்ந்தான். அழுதவனே பிறர் அழுகையைத் துடைத்தான்.

1859-இல் சலேசிய சபையைத் தொடங்கினார். பெண்களுக்கு யார் செய்வார் இந்தத் தொண்டை? மொர்னேசே என்னும் சிற்றூரில் மரிய மசரெல்லோ என்ற உழவர் மகள் 1860-இல் கடுங்காய்ச்சலில் விழுந்து வயல் வேலைக்கான வலிமையை இழந்தார். அவர் மனம் தளராமல் தையல் கற்று, ஊர்ச் சிறுமியருக்கும் கற்றுக் கொடுத்து, ஞாயிறுதோறும் அவர்களை விளையாட வைத்து நல்வழிப்படுத்தி வந்தார். அவரைத் துணையாகக் கொண்டு 1872-இல் சலேசிய அருட்சகோதரியர் சபையை நிறுவினார்.

தம் கல்வி முறையை 1877-இல் ஒரு சிறு நூலாக எழுதினார். அறிவு, சமயம், அன்பு ஆகிய மூன்றே அதன் தூண்கள். குழந்தைகள் ஓடவும் குதிக்கவும் கூவவும் தாராளமாக விட வேண்டும். உடற்பயிற்சி, இசை, நாடகம், சுற்றுலா ஆகியவை ஒழுக்கத்தைக் காக்கும் வழிகள் என்பது அதில் அவர் கண்ட முடிவு.

1888-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் விடியற்காலையில் அவர் ஆவி பிரிந்தது. 1934-இல் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார். அவர் மறைந்த மறு ஆண்டில் பிறந்த யாக்கோபு மொரேனோ என்ற மருத்துவர், வியன்னா நகரப் பூங்காக்களில் குழந்தைகளோடு கதை நடித்துத் தொடங்கி, பின்னர் உளநாடகம் என்ற சிகிச்சை முறையை வகுத்தார். அதில் துயருற்றவர் தம் துயரைத் தாமே நடித்துக் காட்டுவார். தாயாகவோ எதிரியாகவோ மாறி நின்றும் நடிப்பார். பிறர் நிலையில் நின்று பார்க்கும்போது மனக்கட்டு அவிழ்கிறது. மருத்துவர் நூலறிவால் கண்ட முறைக்கும் குருவானவர் அன்பால் கண்ட வழிக்கும் எத்துணை நெருக்கம்!

நம் தமிழகத்துக்குச் சலேசிய குருக்கள் 1906-ஆம் ஆண்டு தஞ்சைக்கு வந்தனர். அச்சபையைச் சேர்ந்த லூயி மத்தியாஸ் ஆண்டகை 1935 முதல் 1965-இல் தாம் இறக்கும்வரை சென்னையின் பேராயராக விளங்கினார். இன்று தெருவோரச் சிறுவர்க்கான அன்பு இல்லங்களிலும் திடலும் மேடையும் உண்டு.

பெற்றோர்களே! ஒரு பெண் பருவம் எய்தியவுடன் அவளிடமிருந்து முதலில் பறிபோவது விளையாட்டு. பொதுத்தேர்வு நெருங்கினால் கால அட்டவணையிலிருந்து முதலில் மறைவதும் விளையாட்டு நேரமே. அவளது மதிப்பெண் குறைந்தால் உடனே தெரிந்து விடுகிறது. அவள் சிரிப்புக் குறைந்தது தெரிவதற்கு அவள் விளையாடுவதை யாரேனும் பார்த்திருக்க வேண்டாமா?

தோழியரே! இடைவேளையில் மரத்தடியில் தனித்து நிற்கும் ஒருத்தி நம் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறாள். ஏன் அழுகிறாய் என்று அவளைத் துளைக்க வேண்டாம். கையைப் பிடித்து ஆட்டத்துக்கு அழைப்போம். ஆண்டு விழா நாடகத்தில் ஒரு வேடம் அவளுக்குக் கிடைக்கச் செய்வோம். மற்றவற்றை அவளே ஒருநாள் சொல்வாள். இதுவே அந்த அண்ணலுக்கு நாம் செலுத்தும் உண்மையான வணக்கம்.

வாழ்க தொன் போஸ்கோவின் புகழ்! வளர்க அவர் காட்டிய அன்பு நெறி!