களிமண்ணின் ரகசியம் கண்டவர்

பெரிய லாரிகளில் நீளமான இரும்புப் பெட்டிகள் போவதைப் பார்த்திருப்பீர்கள். கப்பலில் சரக்கு ஏற்றும் கன்டெய்னர்கள் அவை. அப்படி ஒரு பெட்டியைக் களிமண் தரையில் அப்படியே இறக்கி வைத்தால் என்ன ஆகும்? முதல் நாள் நேராகத்தான் நிற்கும். சில மாதங்களில் ஒரு மூலை மட்டும் மண்ணில் இறங்கி, பெட்டி சாய்ந்துவிடலாம். கதவைத் திறப்பதே கஷ்டமாகிவிடும்!

களிமண் ஏன் இப்படி மெல்ல மெல்ல இறங்குகிறது? இந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டு விடை சொன்னவர் கார்ல் டெர்சாகி. மண் இயக்கவியலின் தந்தை என்று உலகம் இவரைப் போற்றுகிறது.

டெர்சாகி 1883-ம் ஆண்டு அக்டோபர் 2-ம் தேதி பிராக் நகரில் பிறந்தார். தந்தை ராணுவ அதிகாரி. அதனால் மகனும் சிறு வயதிலேயே ராணுவப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். பிறகு ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் இயந்திரப் பொறியியல் படித்தார். ஆனால் அவர் மனமோ பாறைகளையும் மண்ணையும் பற்றிய புவியியல் பக்கம் போனது.

வேலைக்குச் சென்ற இடங்களில் ஒன்றைக் கவனித்தார். இரும்பு எவ்வளவு எடை தாங்கும் என்று பொறியாளர்களால் கணக்கிட முடிந்தது. மண் எவ்வளவு தாங்கும் என்று கேட்டால் அனுபவத்தை வைத்துத்தான் பதில் சொன்னார்கள். அந்தப் பதில் தவறினால் கட்டடம் சாய்ந்தது, அணை உடைந்தது.

விடை தேடி 1912-ல் அமெரிக்கா சென்றார். அணை கட்டும் இடங்களுக்கெல்லாம் போய்க் குறிப்புகள் எடுத்தார். ஆனால் அந்தக் குறிப்புகளிலிருந்து தெளிவான விதி எதுவும் கிடைக்கவில்லை. ஏமாற்றத்தோடு ஊர் திரும்பினார். அடுத்து முதல் உலகப் போர் வந்துவிட்டது.

1916-ல் ஆசிரியர் பணிக்காக இஸ்தான்புல் போனார். போர் முடிந்ததும் அதே நகரின் ராபர்ட் கல்லூரியில் சேர்ந்தார். நல்ல கருவிகள் வாங்கப் பணமில்லை. சோர்ந்து போகாமல், கையில் கிடைத்த பழைய பொருட்களைக் கொண்டு தாமே கருவிகள் செய்தார்.

ஈரக் களிமண்ணை ஒரு வளையத்துக்குள் அடைத்தார். மேலேயும் கீழேயும் தண்ணீர் கசியக்கூடிய கல்லை வைத்தார். அதன் மேல் எடையை ஏற்றி, மண் எவ்வளவு இறங்குகிறது என்று பொறுமையாக அளந்துகொண்டே இருந்தார்.

ரகசியம் வெளிப்பட்டது! களிமண்ணின் நுண்ணிய துளைகளில் தண்ணீர் நிறைந்திருக்கிறது. எடை ஏறியதும் முதலில் அந்தத் தண்ணீர்தான் அதைத் தாங்குகிறது. துளைகள் மிகச் சிறியவை என்பதால் தண்ணீர் மிக மெதுவாகக் கசிந்து வெளியேறுகிறது. அது வெளியேற வெளியேற மண் சுருங்குகிறது. மேலே உள்ள கட்டடமும் கீழே இறங்குகிறது. இது முடிய மாதங்கள் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். எவ்வளவு இறங்கும், எத்தனை காலம் ஆகும் என்று கணக்கிடும் வழியையும் டெர்சாகி கண்டுபிடித்தார். 1925-ல் இதை விளக்கி ஜெர்மன் மொழியில் புத்தகம் வெளியிட்டார். புதிய அறிவியல் துறையே பிறந்தது.

1938-ல் அமெரிக்காவில் குடியேறி, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். சிகாகோவில் களிமண்ணுக்குள் சுரங்க ரயில் பாதை தோண்டியபோது ஆலோசனை சொன்னவரும் இவரே. 1963-ம் ஆண்டு அக்டோபர் 25-ம் தேதி காலமானார். கனடாவில் இவருடைய ஆலோசனைப்படி கட்டிய ஓர் அணைக்கு 1965-ல் டெர்சாகி அணை என்று பெயர் சூட்டினார்கள்.

சரி, நம் கன்டெய்னரை எப்படி வைப்பது? புல்லும் வேரும் கலந்த மேல்மண்ணை முதலில் அகற்ற வேண்டும். மழைநீர் தேங்காமல் ஓட வாய்க்கால் வெட்ட வேண்டும். ஜல்லியைப் பரப்பி, திமிசு போட்டு இறுக்க வேண்டும். பெட்டியின் எடை நான்கு மூலைகளில்தான் இறங்கும். அதனால் நான்கு மூலைக்கும் அகலமான கான்கிரீட் மேடை அமைத்து, ரசமட்டம் வைத்துச் சரிபார்க்க வேண்டும். அதன் பிறகே பெட்டியை இறக்க வேண்டும்.

காலுக்குக் கீழே கிடக்கும் மண்ணையும் கவனித்துப் பார்த்தவர் டெர்சாகி. நீங்களும் சாதாரணப் பொருட்களைப் பார்த்து ஏன், எப்படி என்று கேளுங்கள் குட்டீஸ்!