வைத்தியர் ஆகஸ்ட் பீர்

சென்ற விடுமுறையில் யாம் கல்லூரித் தோழர் சிலருடன் ஜவ்வாது மலையில் தங்கியிருந்தோம். ஜமுனாமரத்தூருக்கு அப்பாலுள்ள சிற்றூரொன்றில், பிள்ளைப்பேற்றிற்காக முதுகில் ஊசியிட்டு அறுவை செய்யப்பெற்ற மாது ஒருத்தியைக் கண்டோம். அதன்பின் எழுந்து அமர்ந்தால் தலை பிளப்பதுபோல் வலித்ததென்றும், படுத்தால் தணிந்ததென்றும் அவள் கூறினாள். அவ்வூசியை எண்ணி ஊரார் யாவரும் அஞ்சினர். அவர்க்கு விடை கூற அறியாது மலையிறங்கிய யாம், அந்நோவைத் தம் உடலிலேயே தாங்கிய ஒருவரது சரித்திரத்தைத் தேடிக் கற்றோம்.

ஆகஸ்ட் பீர் என்பார் ஜெர்மனி தேசத்தில் 1861-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் நாள் பிறந்தவர். கீல் நகரில் இரண வைத்தியராய் விளங்கினார். அந்நகரிலேயே குவிங்கே என்னும் வைத்தியர், முதுகெலும்புகளினிடையே ஊசி செலுத்தித் தண்டுவட நீரை எடுக்கும் முறையை 1891-இல் வெளியிட்டிருந்தார். அவ்வழியே மருந்தைச் செலுத்தின், நோயாளியை உறக்கத்தில் ஆழ்த்தாமலே அறுவை செய்யலாமன்றோ எனப் பீர் எண்ணினார். 1898 ஆகஸ்ட் 16-இல், கணுக்காலில் க்ஷயரோகம் பற்றிய 34 வயதுத் தொழிலாளி ஒருவருக்குக் கோக்கேயின் மருந்தை அவ்வாறு செலுத்தி, நோவின்றி அறுவை செய்தார். ஆயினும் பின்னர் அவர்க்கு வாந்தியும் தலைவலியும் உண்டாயின.

பிறர்க்கு நேர்ந்ததைத் தாமும் அறிதல் வேண்டுமெனத் துணிந்த பீர், ஆகஸ்ட் 24-இல் தம் உதவியாளர் ஹில்டெபிராண்ட் என்பாரைத் தமக்கு ஊசியிடச் செய்தார். குழல் ஊசியோடு பொருந்தாமையால் மருந்தும் தண்டுவட நீரும் மிகுதியாய் ஒழுகின. பின்பு பீர், ஹில்டெபிராண்டுக்கு ஊசியிட்டார். அவர் காலைச் சுத்தியால் அடித்தும் அவர் நோவை உணர்ந்திலர். அன்றிரவு இருவரும் மகிழ்ந்து விருந்துண்டனர். பின்னர் இருவரையும் தலைவலி வருத்தியது. பீரோ ஒன்பது நாள் படுக்கையிற் கிடந்தார்.

அப்படுக்கையே அவர்க்குப் பள்ளியாயிற்று. நீர் ஒழுகியதே தலைவலிக்குக் காரணமென அவர் ஊகித்தார். வெற்றியைப் பறைசாற்றாது, தீங்குகளையும் ஒளியாது 1899-இல் எழுதி, நஞ்சு குறைந்த மருந்து கிடைக்குமளவும் தம் முறையை நிறுத்தி வைத்தார்.

அவர் ஊகத்தின் வழியே 1960-இல் கோர்ம்லி என்னும் அமெரிக்க வைத்தியர் ஒரு பரிகாரங் கண்டார். நோயாளியின் கையிலிருந்து எடுத்த இரத்தத்தையே ஊசி துளைத்த சவ்விற்கு வெளியே செலுத்தினால், அஃது உறைந்து துளையை அடைக்கும். பலர் விரைவிற் குணமடைகின்றனர். சில நாள் முதுகு நோதல் இயல்பே. ஆயின் அரிதாய்ச் சிலர்க்கு நரம்பு வேர்கள் அழுந்திக் கால் நோகும், கிருமி புகும், இரத்தம் சவ்வினுள் இறங்கி நரம்புகளை ஒட்டச் செய்யும். வேறு சிலர்க்கு மண்டையினுள் அழுத்தம் மிக்கு, முன்னர் அமர்ந்தால் வந்த வலி இப்பொழுது படுத்தால் மிகும். அதனை அறியாது மீண்டும் இரத்தஞ் செலுத்தின், மருந்தே நோயாகும். ஆதலின் வலியின் போக்கை நோயாளி உரைப்பதும், வைத்தியர் செவிமடுப்பதும் இன்றியமையாதன.

பிற்காலத்துப் பீர் பெர்லினில் பேராசிரியராய்ப் புகழ்பெற்றார். சாவென் என்னும் ஊரில் மணற்பாங்கான நிலத்தில் பலவகை மரங்கள் செறிந்த காடொன்று வளர்த்து, அங்கேயே 1949-இல் தம் 87-ஆம் வயதில் காலமானார்.

யாம் மறுமுறை மலையேறுங்கால் அம்மாதுக்கு இதனைக் கூறுவோம்: அவளது நோவு தெய்வக் குற்றமுமன்று, வீண் பிரமையுமன்று, அதனை முதன்முதல் ஆராய்ந்தவரும் அவளைப் போலவே தலைதூக்க இயலாது கிடந்தவரே.